சாரலும் டீசல் இரைச்சலும்: பழைய டெம்போ டிராவலருக்கு உள்லைனிங் போட்ட பதிவு

செங்கோட்டைப் பக்கத்தில் ஆனி, ஆடி மாதங்களில் வண்டிக்குள் படுத்துறங்க நினைப்பவருக்குக் குளிர் ஒரு பொருட்டே அல்ல, ஈரம்தான் பொருட்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து இறங்கும் காற்று சாரலையும் சேர்த்தே கொண்டுவருகிறது. மேகம் விலகிச் சற்று நேரம் வெயில் அடித்தால் கூரைத் தகடு கை வைக்க முடியாதபடி காய்ந்துவிடும். மறுபடி சாரல் விழுந்தால் அதே தகடு சட்டெனக் குளிர்ந்து, உள்பக்கத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். முகாம் வண்டிகளுக்கு உள்லைனிங் போடுவது பற்றிக் கிடைக்கும் வழிகாட்டுதல்களில் பெரும்பாலானவை பனி பெய்யும் நாடுகளில் எழுதப்பட்டவை. உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே போகாமல் காப்பது அவற்றின் நோக்கம். நமக்கோ வெளியிலிருந்து வரும் வெப்பத்தையும் இரைச்சலையும் தடுக்க வேண்டும். அப்படித் தடுக்கும்போது, உள்ளே சேரும் நீர் வெளியேறும் வழியை அடைத்துவிடவும் கூடாது. தென்காசி, புளியரை, தென்மலை, புனலூர் வட்டாரத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், செய்த வேலையைச் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வண்டி, பழைய டெம்போ டிராவலர். மெர்சிடிஸ் பென்ஸின் டி1 வேனை அடிப்படையாகக் கொண்டு பஜாஜ் டெம்போ நிறுவனம் 1987இல் நம் நாட்டில் அறிமுகப்படுத்திய வகை இது. அந்த நிறுவனமே 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. இதன் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். என்ஜினின் முன்பாதி குட்டையான பானட்டுக்கு அடியிலும், பின்பாதி ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே ஒரு மூடிக்கு அடியிலும் இருக்கிறது. அதாவது டீசல் என்ஜினின் பாதி, நாம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்ளேயே இருக்கிறது. பின்பக்கமோ நீளமான வெற்றுத் தகடு. மெல்லிய ஆர்ச் பட்டைகள் மட்டும் அதைத் தாங்குகின்றன. முன்னே புறப்படும் ஒலியைப் பின்னே உள்ள தகடு வாங்கி மேளத்தோல் போல அதிர்கிறது. சாலையில் ஓடும்போது பின் படுக்கையில் கேட்கும் 'கும்' என்ற ஓசையில் பெரும்பகுதி என்ஜினின் நேரடி ஒலி அன்று, தகடுகளின் அதிர்வே.

இருக்கைகளைக் குறைத்து, சொந்த உபயோகத்துக்கான முகாம் வண்டியாகப் பதிவை மாற்றும் வேலை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே முடிந்திருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. எனவே கூரையை வெட்டுவது, பக்கவாட்டில் புதிய ஜன்னல் திறப்பது போன்ற எதையும் தொடவில்லை. நிறுவனம் வைத்த கூரை மூடியையும் ஜன்னல்களையும் கொண்டே காற்றோட்டத்தை அமைக்க வேண்டும் என்பது தொடக்கத்திலேயே முடிவானது.

ஒலித்தடுப்பு என்றதும் ஷீட் வாங்கி ஒட்டுவதுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு துண்டு ஷீட் வாங்குவதற்கு முன்பே மெக்கானிக் பட்டறையில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. தேய்ந்து இறுகிப்போன என்ஜின் மவுண்டிங் ரப்பர், அதிர்வை நேராக சேசிஸுக்குக் கடத்துகிறது. அதற்குமேல் எவ்வளவு ஒட்டினாலும் பயன் குறைவு. எங்கள் வண்டியில் மவுண்டிங் ரப்பர்களையும் சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையங்களையும் மாற்றினோம். என்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ப்ராப்பல்லர் ஷாஃப்டின் சென்டர் பேரிங்கில் ஆட்டம் இருந்தது; அதையும் மாற்றி, ஷாஃப்டின் மூட்டுகளான கிராஸ்களுக்குக் கிரீஸ் அடித்தோம். சைலன்சர் பைப்பின் ஃபிளாஞ்சில் கேஸ்கெட் எரிந்து, ஏறும்போது 'பட் பட்' என்று புகை கசிந்துகொண்டிருந்தது. இந்தக் கசிவு வெறும் சத்தப் பிரச்சினை அன்று. உறங்கும் வண்டியின் அடியில் புகை கசிவது உயிருக்கே ஆபத்து. நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு அதில் இருக்கிறது. இந்த வேலைகள் முடிந்து புளியரை வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்தபோதே, பின்பக்கத்து அதிர்வில் ஒரு பங்கு அடங்கியிருந்தது. இருக்கும் ஒலியைத் தடுப்பதைவிட ஒலி பிறக்கும் இடத்தை ஆற்றுவது செலவிலும் குறைவு, பலனிலும் அதிகம்.

பிறகு உள்ளே இருந்த அனைத்தையும் கழற்றினோம். எங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் பக்கச் சுவர்களில் ஏற்கெனவே ஏதோ ஒரு 'இன்சுலேஷன்' செய்திருந்தார். இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலிருந்த பிளைவுட் பலகையைத் திருகாணி கழற்றி இழுத்தபோது, பலகையின் அடிப்பாகம் ஈரமான அட்டை போல மடிந்து கையிலேயே தங்கிவிட்டது. உள்ளே தெர்மோகோல் துண்டுகள். அவற்றுக்குப் பின்னால் கிளாஸ் வூல். மஞ்சளாக இருந்திருக்க வேண்டிய அந்தக் கிளாஸ் வூல் கறுத்து, தண்ணீரில் ஊறி, தன் எடையாலேயே சரிந்து அடியில் குவிந்து கிடந்தது. சுவரின் மேல்பாதியில் எதுவும் இல்லை. கீழ்பாதியில் ஈரப் பொதி. அதை வாரி எடுத்தபின் தகட்டில் விரல் வைத்துத் தேய்த்தால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது. உதவிக்கு வந்திருந்த டிங்கர் அண்ணாச்சி ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் பிடி அப்படியே உள்ளே போனது. "அண்ணாச்சி, இதுக்கு மேல ஷீட் ஒட்டுனா, ரெண்டு மழைக்கு அப்புறம் ஷீட்டோட சேர்ந்து தகடும் கையோட வந்துரும். மொதல்ல தண்ணி எங்கருந்து வருதுன்னு பாப்போம்" என்றார்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடித்த அந்த மாலைதான் இந்த வேலையிலேயே அதிகம் கற்றுத் தந்தது. உள்ளே டார்ச்சுடன் ஒருவர்; வெளியே தோட்டத்துக் குழாயுடன் ஒருவர். கீழிருந்து தொடங்கி மெதுவாக மேலே போக வேண்டும். முதலிலேயே கூரையில் ஊற்றினால் எந்த ஓட்டை வழியாக வந்தது என்பது தெரியாது. ஜன்னல் ரப்பர் பீடிங்கின் கீழ்மூலைகள் இரண்டில் கசிவு. கேரியர் பொருத்துவதற்காகக் கூரையில் போட்டுப் பின்னர் சும்மா விட்ட போல்ட் ஓட்டைகளில் கசிவு. பின்கதவின் மேல் கீலுக்கு அருகே ஒரு கசிவு. இவை வெளியிலிருந்து வந்த நீர். ஆனால் சுவருக்குள் நின்ற நீரில் இன்னொரு பங்கு, வண்டியின் அடியில் இருக்க வேண்டிய வடிகால் துளைகள் அடைபட்டதால் தேங்கியது. கதவின் அடிவிளிம்பிலும் படிக்கட்டுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியிலும் நிறுவனமே சிறு துளைகள் விட்டிருக்கும். மழைநீரும், தகட்டில் கோத்து வழியும் நீரும் அவற்றின் வழியே வெளியேற வேண்டும். அவற்றில் சிலவற்றை அண்டர்கோட்டிங் அடித்தவர்கள் மூடியிருந்தார்கள். சிலவற்றில் பட்டி அப்பியிருந்தது. மெல்லிய கம்பியால் ஒவ்வொன்றையும் குத்தித் திறந்தபோது, சில நாட்களாக மழையே இல்லாதிருந்தும் ஒரு துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகியது.

இந்தக் காரணத்தினால்தான், தகட்டின் உட்குழிவுகளுக்குள் பி.யு. ஃபோம் பீய்ச்சும் பழக்கத்தை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். டப்பாவில் கிடைக்கும் அந்த நுரை உப்பிப் பெருகி எல்லா இடுக்கையும் நிரப்பும். பார்க்கத் திருப்தியாக இருக்கும். வடிகால் துளையையும் அதுவே நிரப்பும். ஒருமுறை இறுகிவிட்டால் தகட்டை வெட்டாமல் அதை எடுக்க முடியாது. சாரல் ஊரில் ஓடும் வண்டியின் உட்குழிவுகள் காலியாகவே இருக்கட்டும். துரு தடுக்கும் மெழுகு எண்ணெய் மட்டும் அடித்துவிட்டால் போதும்.

டிங்கர் வேலை வழக்கமானதுதான். அரித்த இடங்களை வெட்டிப் பேட்ச் வெல்டிங் வைத்தார்கள். மற்ற இடங்களைக் கம்பி பிரஷ் பொருத்திய கிரைண்டரால் உலோகம் தெரியும்வரை தேய்த்தோம். பிரைமர் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பட்டறைகளில் கை போகும் முதல் டப்பா ரெட் ஆக்சைடுதான். அதன்மேல் பெயின்ட் வராமல் ஷீட்டை ஒட்டப்போகிறோம் என்றால் அது போதாது. ஈரத்தை அது முழுமையாகத் தடுப்பதில்லை. இரண்டு கலவையாக வரும் எபாக்சி பிரைமர் அடித்து, முழுதாகக் காய விட்டோம். கூரைக்கு வெளியே, இருந்த கருநீல வண்ணத்தின்மேல் வெள்ளை அடித்தோம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் கூரையின்மேல் விழும் ஆற்றல் சுமார் 1000 வாட்; நல்ல வெள்ளைப் பூச்சு அதில் 70 முதல் 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும்; கருநீலம் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். கேரளத்தில் வெயில் மிகுதியாகப் பதிவாகும் ஊர்களில் ஒன்றான புனலூரில் கோடையில் வண்டியை நிறுத்தியவருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. உள்ளே ஒட்டும் எந்தப் பொருளைவிடவும், கூரையின் வெள்ளைப் பூச்சு வெப்பத்துக்கு முதல் மருந்து.

இனி அதிர்வு. இதற்குப் பயன்படுவது அலுமினியத் தாள் ஒருபுறமும் பசைத்தன்மையுள்ள ரப்பர் மறுபுறமும் கொண்ட பியூட்டைல் ஷீட். தகடு வளைந்து அதிரும்போது நடுவிலுள்ள ரப்பர் இழுபட்டு, அந்த அதிர்வாற்றலைச் சிறு வெப்பமாக மாற்றிவிடுகிறது. மேலுள்ள அலுமினியத் தாள் ரப்பரை இறுக்கிப் பிடித்து இழுபடச் செய்கிறது. ஆகையால் இது தகட்டோடு காற்றிடைவெளி இல்லாமல் ஒட்டினால் மட்டுமே வேலை செய்யும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் தார் ஷீட்டும் பார்வைக்கு இதைப்போலவே இருக்கும். ஆனால் தார் நம் வெயிலில் இளகும், வாடை அடிக்கும், கூரையில் ஒட்டினால் காலப்போக்கில் தொங்கும். இரண்டிலும் ஒவ்வொரு துண்டை ஓர் இரும்புத் தகட்டில் ஒட்டி, மொட்டைமாடியில் தலைகீழாகக் காயவைத்துப் பார்த்தபின் தாரை ஒதுக்கிவிட்டேன்.

தகடு முழுவதையும் மூட வேண்டும் என்பது விற்பவர்களின் கணக்கு. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவிலுள்ள தகட்டின் மையத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை ஒட்டினாலே அதிர்வின் பெரும்பகுதி அடங்கிவிடும். மீதியையும் மூடினால் எடைதான் கூடும். 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ இருக்கும். எங்கே ஒட்டுவது என்பதை விரல் முட்டியால் தட்டியே முடிவுசெய்தோம். 'டங்' என்று நீண்டு ஒலித்த இடத்தில் சாக்பீஸால் வட்டம். 'டப்' என்று உடனே நின்ற இடத்தை விட்டுவிட்டோம். பின்சக்கர வளைவுகளை மட்டும் முழுதாக மூடினோம், ஏனெனில் அங்கே அதிர்வோடு கல் தெறிக்கும் சத்தமும் சேர்கிறது. ஒட்டும் முறை எளிது, பொறுமைதான் தேவை. தகட்டைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, ஷீட்டைச் சிறிது நேரம் வெயிலில் வைத்து இளக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சிறு இரும்பு உருளையால் அழுத்தித் தேய்க்க வேண்டும். அலுமினியத் தாளில் உள்ள பூவேலை மறைந்து மேற்பரப்பு வழவழப்பாகும்வரை தேய்த்தால்தான் ஒட்டியதாகப் பொருள். தாளின் விளிம்பு பிளேடு போல அறுக்கும். கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

என்ஜின் மூடிக்குத்தான் அதிக நேரம் கொடுத்தோம். பலனும் அங்கேதான் அதிகம். ஒலி, நீரைப் போலவே இடுக்கைத் தேடி வரும். ஒரு சுவரின் பரப்பில் ஒரு சதவீதம் திறந்திருந்தாலும், அந்தச் சுவர் எத்தனை கனமாக இருந்தாலும் சரி, மொத்தத்தில் 20 டெசிபலுக்குமேல் தடுக்க முடியாது. எனவே மூடியின்மேல் என்ன ஒட்டுவது என்பதற்கு முன், மூடி எப்படி மூடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இரவில் என்ஜின் பகுதிக்குள் ஓர் எல்.இ.டி. விளக்கை எரியவிட்டு மூடியைப் பூட்டினோம். கேபினில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தோம். மூடியின் பின்விளிம்பு முழுவதும் வெளிச்சக் கோடு. கியர் லீவரின் அடியில் கிழிந்த ரப்பர் வழியாக ஒரு பிறை. வயர்கள் நுழையும் துளைகளில் குரோமட் எனப்படும் ரப்பர் வளையம் இல்லாத இடங்களில் பொட்டுப் பொட்டாக ஒளி. ஒளி வந்த வழியெல்லாம் ஒலியும் வரும். சூடான காற்றும் டீசல் வாடையும் வரும். விளிம்புக்குக் கதவுகளில் பயன்படும் குழல் வடிவ பீடிங் வைத்து, கொக்கிகளைச் சற்று இறுக்கி, குரோமட்களைப் புதிதாகப் போட்டு, கியர் லீவரின் ரப்பர் உறையை மாற்றியபின் மறுபடி விளக்கு வைத்தோம். வெளிச்சம் முழுதாக மறைந்த பிறகே அடுத்த வேலைக்குப் போனோம்.

மூடியின் அடிப்பக்கம் என்ஜின் வெப்பத்தை நேரே வாங்குகிறது. அங்கே சாதாரண ஃபோம் எதுவும் கூடாது. எண்ணெய்த் துளிகளை உறிஞ்சி வைத்துக்கொண்டு தீப்பிடிக்கக் காத்திருக்கும். அலுமினியத் தாள் பூசிய, இறுகத் தைத்த கண்ணாடி இழைப் பாயை வைத்தோம். பசையை மட்டும் நம்பாமல், அகலமான வாஷர்களோடு போல்ட் போட்டு இறுக்கி, வெட்டிய ஓரங்களை எண்ணெய் புகாதபடி அலுமினிய டேப்பால் சுற்றினோம். மூடியின் மேல்பக்கத்துக்கு எடை வேண்டும். காற்றில் வரும் ஒலியைத் தடுப்பது எடைதான்: தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். கனமான வினைல் ஷீட் ஒன்றை மெல்லிய ஃபோமின்மேல் மிதக்கவிட்டு, ரெக்சின் உறை தைத்துப் போர்த்தினோம். முட்டை அட்டை வடிவ ஃபோமைப் பலர் வாங்குகிறார்கள். அது அறைக்குள் எதிரொலியைக் குறைக்குமே தவிர, எடை இல்லாததால் என்ஜின் ஒலியை உள்ளே வரவிடாமல் தடுக்காது.

தரைக்கும் இதே எடைக் கணக்கு. இதற்கு எல்லைக்கு அந்தப்புறம் ஓர் அருமையான பொருள் இருக்கிறது: மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் ரப்பர் மேட். ரப்பர் விளையும் ஊர் என்பதால் புனலூர்ப் பக்கம் எளிதில் கிடைக்கிறது. 12 மி.மீ. கனத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 15 கிலோ எடை. மாட்டின் குளம்பையும் சாணநீரையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும்படி செய்த பொருள், வண்டித் தரையின் ஈரத்துக்கு அஞ்சாது. கடைக்காரர் "எத்தனை மாடு?" என்று கேட்டார். வண்டித் தரைக்கு என்றதும், அடிப்பக்கத்தில் குமிழ் இருக்கும் வகையைத் தேர்ந்துகொடுத்து, வாடை போகும்வரை நிழலில் காற்றாடப் போட்டுவிட்டுப் பிறகு விரிக்கும்படி சொன்னார். குமிழ்களுக்கு நடுவே காற்று நுழையும், சிந்திய நீர் வடியும். அந்த யோசனைக்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அதன்மேல் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள 12 மி.மீ. மரைன் பிளைவுட்டைப் போட்டோம். பிளைவுட்டைத் தரைத் தகட்டோடு திருகாணியால் இறுக்கவில்லை. ஓரங்களில் மட்டும் பிடிப்பு வைத்து, மேட்டின்மேல் மிதக்கவிட்டோம். திருகாணி தகட்டைத் தொட்டால் அதிர்வு அதன் வழியே ஏறிவிடும்.

வெப்பத் தடுப்புக்கு வருகிறேன். வெள்ளிக் காகிதம் ஒட்டிய குமிழ் ஷீட்டைத் தகட்டோடு நேராக ஒட்டுவதைப் பல வண்டிகளில் காண்கிறேன். பளபளப்பான அலுமினியம் கதிர்வீச்சாக வரும் வெப்பத்தைத்தான் தடுக்கும். அதற்கு அதன் பளபளப்பான முகத்துக்கு முன்னே காற்றிடைவெளி வேண்டும். சூடான தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் வெப்பம் கடத்தலாகவே வந்துவிடும். அந்தப் பளபளப்புக்கு வேலையே இல்லை. அதை ஜன்னல் திரைக்கு வெட்டிப் பயன்படுத்தினால் முழுப் பலனும் கிடைக்கும். எங்கள் வண்டியில் அப்படித்தான் செய்தோம்.

சுவருக்கும் கூரைக்கும் எடுத்தது, ஏ.சி. டக்ட்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஃபோம். இதன் அறைகள் ஒவ்வொன்றும் மூடியவை என்பதால் நீர் உள்ளே ஊறாது. வெட்டிய துண்டுகளுக்கு வெளியே வைத்து நெருப்புக் காட்டியும் பார்த்தோம்: தெர்மோகோல் உருகி, எரிந்துகொண்டே சொட்டியது, தீத்தடுப்புத் தரமுள்ள நைட்ரைல் துண்டு கருகியது, தீக்குச்சியை எடுத்ததும் அணைந்தது. அடுப்பு எரியும், ஆட்கள் உறங்கும் வண்டிக்குள் தெர்மோகோலுக்கு இடமில்லை. 19 மி.மீ. கனமுள்ள இந்த ஃபோமை வைத்தால், வெறும் தகட்டின் வழியே வரும் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் உள்ளே வரும். கனத்தை இரட்டிப்பாக்கினால் எட்டில் ஒரு பங்குக்கு அருகே வரும்; ஆனால் தலையிடிக்கும் கூரை இன்னும் தாழும். அந்தப் பேரம் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. ஆர்ச் பட்டைகளை மூடாமல் விடக் கூடாது: இரும்பு, இந்த ஃபோமைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். பட்டைகளுக்கு 9 மி.மீ. ஃபோமைச் சுற்றினோம். கூரையில் ஒட்டிய ஃபோமை ரப்பர் பசையின் பொறுப்பில் மட்டும் விடவில்லை. வெயிலில் பசை இளகும் என்பதால், குறுக்கே மர ரீப்பர்கள் வைத்துத் தாங்கினோம்.

ஒட்டும்போது இடையில் காற்றுப் பை இல்லாமல் தகட்டோடு அமர்த்துவதிலும், துண்டுகள் சேரும் இடங்களை டேப்பால் மூடுவதிலும் மிகக் கவனமாக இருந்தோம். காரணம் இதுதான். உள்ளே 26 பாகை வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால், சுமார் 23 பாகையிலேயே காற்றிலுள்ள நீர் படியத் தொடங்கிவிடும். சாரல் இரவில் நனைந்த கூரைத் தகடு அந்த அளவுக்குக் குளிர்வது சாதாரணம். உறங்கும் இருவர் மூச்சிலும் வியர்வையிலும் ஓர் இரவில் வெளியிடும் நீரும் அரை லிட்டருக்குக் குறையாது. அந்த ஈரக்காற்று ஃபோமைக் கடந்து தகட்டைத் தொடாவிட்டால் நீர் கோக்காது. குளிர்நாட்டு வழிகாட்டுதல்களில் உட்பக்கம் முழுவதும் பாலிதீன் தாளை விரிக்கச் சொல்வார்கள். அங்கே ஈரம் எப்போதும் உள்ளிருந்து வெளியே போகிறது; நமக்கோ, ஏ.சி. ஓடும் பகலில் ஈரம் வெளியிலிருந்து உள்ளே வரப் பார்க்கும், சாரல் இரவில் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். பாலிதீன் தாளைப் போட்டால் ஏதாவது ஒரு பருவத்தில் அதற்குப் பின்னால் நீர் சிக்கிக்கொள்ளும். தகட்டோடு ஒட்டிய மூடிய அறை ஃபோம் இரு திசைக்கும் பொருந்துகிறது.

ஆனாலும் ஃபோம் ஈரத்தை வெளியேற்றாது, காற்றோட்டம்தான் வெளியேற்றும். கூரை மூடியில் 12 வோல்ட் விசிறி ஒன்றை வெளியே தள்ளும்படி பொருத்தி, காற்று உள்ளே வருவதற்கு ஜன்னலின் கீழ்ப்பாதியில் கொசுவலையோடு ஓர் இடைவெளி விட்டோம். ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வருவதால், வண்டியின் முகத்தை மேற்கே வைத்து நிறுத்துகிறோம். சாரல் முன்கண்ணாடியில் அடிக்கும், கிழக்கே பார்க்கும் பின்பக்க ஜன்னலைத் திறந்து வைக்கலாம். மெத்தையும் பலகையின்மேல் நேரே போடாமல், இடைவெளி விட்ட ரீப்பர் கட்டிலின்மேல் ரப்பர் பூசிய தேங்காய் நார் மெத்தையாகப் போட்டோம். அடியில் காற்றுப் போவதால் பூஞ்சை பிடிக்கவில்லை.

பக்கச் சுவருக்கு மெல்லிய பிளைவுட்டில் ரெக்சின் ஒட்டிய பலகைகள். எல்லாம் திருகாணியால் பொருத்தியவை. ஒன்றைக்கூட ஆணி அடித்தோ பசை போட்டோ நிலைநிறுத்தவில்லை. துருவைப் பார்க்க வேண்டும் என்றால் பலகை கழல வேண்டும். பலகைக்கும் ரீப்பருக்கும் நடுவே ஃபெல்ட் நாடா வைத்தோம். பெரிய ஒலி அடங்கியதும் அதுவரை கேட்காத 'கிறீச்' ஒலிகள் எல்லாம் கேட்கத் தொடங்கும். சமையல் அலமாரியின் கொண்டி, கண்ணாடித் தண்டவாளம், சீட் பெல்ட் பக்கிள் என ஒவ்வொன்றாகப் பிடித்து நாடா ஒட்டினோம்.

மொத்த எடையையும் கூட்டிப் பார்த்தோம்: பியூட்டைல், மேட், பிளைவுட், பலகைகள் எல்லாம் சேர்ந்து 200 கிலோவுக்குள் அடங்கின. கழற்றிய இருக்கைகளையும் அவற்றில் உட்கார்ந்திருக்கக்கூடிய ஆட்களையும் நினைத்தால் இது பெரிய சுமை அன்று. அதிலும் கனமானதெல்லாம் தரையில் இருப்பதால் வளைவுகளில் வண்டி சாயும் உணர்வும் கூடவில்லை.

தேசிய நெடுஞ்சாலை 744இல் புளியரையிலிருந்து கோட்டைவாசல் வரையிலான ஏற்றத்தை இரண்டாம் கியரில் ஏறுவதுதான் இந்த வண்டிக்கு உண்மையான சோதனை. செல்பேசிச் செயலி காட்டும் டெசிபல் எண்ணைத் துல்லியமாகக் கொள்ள முடியாது என்றாலும், அதே செல்பேசியை அதே இடத்தில் வைத்து ஒப்பிடலாம். வேலைக்கு முன் 85ஐ ஒட்டி நின்ற எண், இப்போது 77, 78இல் நிற்கிறது. 10 டெசிபல் குறைந்தால் காதுக்கு ஒலி பாதியானதாகத் தோன்றும் என்பதால், ஒலி பாதியாகாவிட்டாலும் பாதியை நோக்கி நெருங்கியிருக்கிறது என்று சொல்லலாம். எண்ணைவிட முக்கியமானது, ஏற்றத்தில் பின்னிருக்கையில் இருந்த என் மனைவி குரலை உயர்த்தாமல் கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தருகே பெருமழை பிடித்துக்கொண்டபோது, முன்பெல்லாம் தகரக் கொட்டகைக்குள் இருப்பதாகத் தோன்றும் கூரைச் சத்தம், அடங்கிய ஒரு தொடர் ஓசையாக மட்டும் கேட்டது. தாழ்ந்த 'கும்' ஒலி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அலைநீளம் அதிகமான அந்த ஒலியை மெல்லிய பொருள் எதுவும் முழுதாகத் தடுக்காது. அதற்கு மேலும் எடை வேண்டும், அது இந்த வண்டிக்குத் தகாது.

இப்போது மீதமுள்ள வழி, கண்ணாடி. பக்க ஜன்னல்களின் ஒற்றைக் கண்ணாடியும் தேய்ந்த ஃபெல்ட் தடமும் காற்றின் இரைச்சலை உள்ளே விடுகின்றன. தடங்களைப் புதிதாக மாற்றிவிட்டு, உறங்கும் பகுதியின் இரண்டு ஜன்னல்களுக்கு மட்டும், இடையில் காற்றிடைவெளி விட்டு அக்ரிலிக் தகட்டைக் காந்தப் பட்டையால் பொருத்தும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன். இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலுள்ள பலகையை மட்டும் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கழற்றி, பேட்ச் வைத்த இடத்தையும் வடிகால் துளைகளையும் பார்ப்பதாக டிங்கர் அண்ணாச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.